நாலு விரல் தண்ணீர்

"என் தம்பி நாலு வருஷமா என்னோட பேசறதில்லை," என்றார் மாசிலாமணி.

வடிவக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நான் என்ன குறை வச்சேன் சொல்லுங்க. அம்மா போனதிலேர்ந்து மாசம் தவறாம அமாவாசைக்குப் படையல் போட்டு, ஆறுறதுக்குள்ள கேரியர்ல எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போறேன். அவன் பொண்டாட்டி வாங்கிக்குது. அவன் மாட்டுக் கொட்டகையை விட்டு வெளிய வர்றதில்லை. எவ்வளவு பாசத்தை ஊத்தினாலும் நிக்க மாட்டேங்குது."

வடிவக்கா ஒரு பூச்சி அரித்த இலையைத் தூரப் போட்டார்.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

"தண்ணித் தொட்டி கட்டுவேன்."

"அப்ப கொல்லையில ஒரு குளம் கட்டுங்க ஐயா. குருவி குடிக்கத் தண்ணி இல்லை."

"தம்பி விஷயம்?"

"குளத்துல தண்ணி நிக்கட்டும். அப்புறம் பேசுவோம்."

அவ்வளவுதான். கீரையை எடுத்துக்கொண்டு அவர் அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

அந்த ஆசிரமம் பச்சைமலை அடிவாரத்தில் இருந்தது. நாலு அறை, ஒரு அடுப்பங்கரை, பெயர்ப் பலகை கிடையாது. வடிவக்காவுக்கு வயது முப்பத்தாறு. முன்பு ஒரு கண் ஆஸ்பத்திரியில், சுவரில் தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி அளவு பார்க்கும் வேலையில் இருந்தவர். இப்போதும் அதே வேலைதான் என்று சிலர் சொல்வார்கள். எழுத்துகள்தான் இல்லை.

மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு. மகள் வயதில் இருப்பவரை அக்கா என்று கூப்பிட நாக்கு எழாமல், வந்த முதல் வாரம் முழுக்க இருமியே சமாளித்தார். பிறகு எல்லாரும் அக்கா என்பதால் அவருக்கும் அக்கா ஆகிவிட்டது. அந்த அக்கா அவரை ஐயா என்றார். இதில் யார் மூத்தவர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

மூன்று நாள் தங்கத்தான் வந்தார். குளம் என்றதும் வீட்டுக்குப் போன் செய்து, வர ஒரு மாதம் ஆகும் போலிருக்கிறது என்றார். அவசரமே இல்லை, நிதானமாக வாருங்கள் என்று மனைவி சொன்ன வேகத்தில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

முப்பத்திரண்டு ஊரில் மேல்நிலைத் தொட்டி கட்டியவர் அவர். ஒன்றுகூட ஒழுகியதில்லை. அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் இது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவர் கட்டுவது வெறும் குழியாக இருக்கலாமா?

குளத்தின் பின்பக்கம் பாறைகளை அடுக்கி ஒரு சின்ன அருவி வைக்கலாம் என்றார். குளத்துத் தண்ணீரையே மோட்டார் மேலே ஏற்றும். அது பாறை மேல் படிப்படியாக விழுந்து மறுபடி குளத்துக்கே வரும்.

"உங்க விருப்பம்," என்றார் வடிவக்கா.

கூட வேலைக்கு அஞ்சலை வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. நாற்பது வயது, கல் தூக்கித் தூக்கி இறுகிய கை, அதைவிட இறுகிய வாய். குருவிக்குத் தண்ணி வைக்கிறதுன்னா ஒரு மண்சட்டி போதாதா, நல்லா வேலை வாங்குறாங்க மேஸ்திரி உங்ககிட்ட, என்று முதல் நாளே சொன்னாள். மாசிலாமணிக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டினார்கள். கூர்மையான கல், வேர் எல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு மெத்தை மாதிரி மணல் பரப்பினார்கள். அதன் மேல், பண்ணைக்குட்டைக்குப் போடுவார்களே, அந்தக் கனமான கறுப்பு ஷீட். குளத்தில் விரித்த அதே ஷீட்டைப் பின்மேட்டில் ஏற்றி, அதன் மேல் வறண்ட ஓடையிலிருந்து உருட்டி வந்த கற்களை அடுக்கினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் மாசிலாமணி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். அருவிக்குமா மட்டம் பார்ப்பாங்க என்று அஞ்சலை சிரித்தாள்.

உச்சியில் வைக்க ஒரு கல் கிடைத்தது. படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி வழவழப்பாக, கறுப்பாக. அதை ஏற்றி வைத்ததும் மாசிலாமணி பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு இருபதடி.

பன்னிரண்டாம் நாள் மோட்டாரைப் போட்டார்கள்.

தண்ணீர் எருமைக் கல்லின் முதுகில் ஏறி, கண்ணாடித் தகடு மாதிரி வழிந்து, இரண்டாவது கல்லில் உடைந்து, மூன்றாவதில் இரண்டாகப் பிரிந்து, குளத்தில் விழுந்தது. ஆசிரமத்தில் இருந்த அத்தனை பேரும் சத்தம் கேட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டார்கள். வடிவக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

மாசிலாமணி அன்று மாலை இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் குளத்தில் நாலு விரல் தண்ணீர் குறைந்திருந்தது.

புது ஷீட், இறுகுவதற்கு ஒரு நாள் எடுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழாயைப் போட்டு நிரப்பினார். அதற்கு மறுநாள், மறுபடி நாலு விரல்.

தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, முட்டி போட்டு, ஷீட்டைச் சாண் சாணாகத் தடவினார். சந்தேகமாகத் தெரிந்த ஒரு மடிப்பில் பசை தடவி ஒட்டினார். நிரப்பினார். நாலு விரல். தொட்டி ஒழுகினால் வெளிச்சுவரில் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். குளத்துக்கு வெளிச்சுவர் ஏது? அந்தப் பக்கம் முழுக்க பூமி.

அதன்பின் அவர் ஒரு காரியம் செய்தார். முப்பத்திரண்டு தொட்டி கட்டியவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயரும் நேரத்தில், பூனை மாதிரி கொல்லைக்குப் போய், தோட்டத்துக் குழாயை இழுத்துக் குளத்தில் விட்டு, நாலு விரலையும் நிரப்பிவிட்டு, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பார்க்கிறவர்களுக்குக் குளம் ததும்பிக்கொண்டிருந்தது. குறையாம அப்படியே நிக்குதே, மேஸ்திரி கைன்னா கைதான், என்று ஒருவர் சொன்னார். மாசிலாமணி பணிவாகத் தலையை ஆட்டினார்.

அஞ்சலை மட்டும் சுருட்டி வைத்த குழாயின் அடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"நீங்க குளம் கட்டலை மேஸ்திரி. மண்ணுக்குத் தண்ணி காட்டுறீங்க."

ஒன்பதாம் நாள் மத்தியானம் அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வடிவக்கா வந்து நின்றார். அடுப்பங்கரையில் வெல்லம் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி மாசிலாமணி விழித்தார்.

"வெயிலுக்கு வத்துதுக்கா."

மாசி மாதம். பனியே இன்னும் முழுதாக விடவில்லை. வடிவக்கா தோளில் கிடந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எத்தனை நாளா ஊத்தறீங்க?"

"ஒன்பது நாளா."

"நிறுத்துங்க."

"நிறுத்தினா வத்திடும்."

"வத்தட்டும்."

"மொத்தமும் போயிடும்க்கா."

"எது வரைக்கும் போகுதுன்னு ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

மாசிலாமணி பார்த்ததில்லை.

வடிவக்கா குழாயை மூடினார். அதோடு விடாமல் நடந்து போய் மோட்டார் சுவிட்சையும் அணைத்தார். அருவி நின்றது. இத்தனை நாள் கேட்டுப் பழகிய சத்தம் திடீரென்று இல்லாமல் போனதில், மாசிலாமணிக்குத் தன் காதுதான் அடைத்துக்கொண்டதோ என்று தோன்றியது.

"ஏழு நாள். எதையும் ஊத்தக் கூடாது."

"நாளை மறுநாள் அமாவாசை," என்றார் மாசிலாமணி. "தம்பி வீட்டுக்குக் கேரியர்…"

"எதையும்."

அது அவருக்குச் சுருக்கென்றது. குளம் போனால் போகிறது, குழியை மூடிவிடலாம். கேரியர் அப்படியா? நாலு வருடமாக ஒரு அமாவாசைகூடத் தவறவில்லை. தம்பி பொண்டாட்டி சாப்பாட்டை வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு, கேரியரைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது அந்தக் கழுவின கேரியர் ஒன்றுதான். அதையும் நிறுத்திவிட்டால் தம்பி, சரி, அண்ணன் கணக்கைத் தீர்த்துக்கொண்டான் என்று முடிவு கட்டிவிடுவான். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போய் நிற்பது?

பெட்டியைக் கட்டலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் ஒழுகும் குளத்தை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை.

தண்ணீர் நிற்கும் இடத்தில், ஒரு கல்லின் மேல், காவிக்கட்டியால் கோடு போட்டார். அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் கோட்டிலேயே இருந்தது.

இரவு எப்படியும் இறங்கிவிடும் என்று போய்ப் படுத்தார். விடிந்து பார்த்தார். கோட்டில் இருந்தது.

கோட்டைத் தவறாகப் போட்டுவிட்டோமா என்று சந்தேகம். எதிர்க் கல்லில் இன்னொரு கோடு போட்டார்.

மூன்றாம் நாள் அமாவாசை. மற்ற மாதங்களில் அந்த நேரத்துக்கு அவர் வண்டியில் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு பாதி வழி போயிருப்பார். இன்று கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார். எடுத்தார். தம்பி வீட்டில் இந்நேரம் வாசலைப் பார்ப்பார்களா, பார்க்க மாட்டார்களா என்று ஒரு நினைப்பு. குனிந்து கோட்டைப் பார்த்தார். ஒரு தீக்குச்சியின் தடிமன் அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது. அது வெயில் குடித்தது. அதற்கு மேல் ஒரு சொட்டு குறையவில்லை.

அவர் எழுந்து வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். வடிவக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"குளம் ஒழுகலைக்கா," என்றார் மூச்சு வாங்க. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்கிறவர் குரல் அப்படித்தான் இருக்கும்.

வடிவக்கா ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"என்னைக்காவது ஒழுகிச்சா?"

நாலாம் நாள் காலை மாசிலாமணி அஞ்சலையைக் கூப்பிட்டார். குளம் ஒழுகவில்லை என்றால் ஒழுகுவது அருவி. குளத்திலேயே ஒரு குடம் மொண்டு கீழ்க்கல்லில் ஊற்றச் சொன்னார். அத்தனையும் குளத்துக்கு வந்தது. அடுத்த கல்லில் ஊற்றினாள், வந்தது. அதற்கு மேல் கல்லிலும் வந்தது. உச்சியில் எருமைக் கல்லின் முதுகில் ஊற்றினாள். முக்கால் குடம்தான் கீழே வந்து சேர்ந்தது.

மாசிலாமணி கல்லின் பின்னால் கையை விட்டுத் துழாவினார். அங்கே மண் சொதசொதவென்று இருந்தது. கல்லின் கனத்தில் ஷீட்டின் ஓரம் மடிந்து இரண்டு விரல் கீழே அமுங்கியிருந்தது. நாள் முழுக்க மோட்டார் ஏற்றிய தண்ணீரில் ஒரு பங்கு, யார் கண்ணுக்கும் படாமல், அந்த வழியாக மண்ணுக்குள் போயிருக்கிறது. இத்தனை நாள் அவர் குளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கல்லை வைக்கிற அன்னைக்கே சொன்னேன், ஷீட்டு மடியுதுன்னு," என்றாள் அஞ்சலை. "ஓரத்தை இழுத்து விட்டுட்டு வைக்கலாம்னேன். கேட்டீங்களா? கடப்பாரையைப் புடுங்கிக்கிட்டு, தள்ளு, நான் பார்த்துக்கறேன்னீங்க."

மாசிலாமணி அவளைப் பார்த்தார்.

"அப்படியா சொன்னேன்?"

"எப்பவும் சொல்றதுதானே."

அவர் கையைச் சேற்றிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே ஈரக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பனுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும். தாய்க்கு இளைய பிள்ளை. அப்பா போனபோது மாசிலாமணி வைத்தார். அம்மா போனபோது தம்பி கலியமூர்த்திதான் நெருப்புச் சட்டி தொங்கிய உறியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். கடைசி மூன்று வருடம் அம்மாவைக் குளிப்பாட்டி, தலை சீவி, கஞ்சி ஊட்டினவன் அவன். அழுகையில் அவன் கை நடுங்கியது. சட்டி ஆடி, ஒரு கங்கு தெறித்துத் தெருவில் விழுந்தது. ஊரே பார்த்தது.

மாசிலாமணி போய் அந்த உறியை வாங்கிக்கொண்டார். வாங்கவில்லை. பிடுங்கினார்.

தள்ளு, நான் பார்த்துக்கறேன்.

சுடுகாடு வரைக்கும் அவர் சட்டியோடு முன்னால் நடந்தார். தம்பி வெறுங்கையோடு பின்னால் வந்தான். கொள்ளியையும் அவரே வைத்தார்.

இந்த நாலு வருடமாக அதை அவர் ஒத்தாசை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். கோபத்துக்கு வேறு வேறு காரணம் தேடினார். அம்மாவின் பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டதற்கோ என்று அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். வரப்போர மாமரத்துக்கோ என்று அதில் காய்ப்பது முழுக்க உனக்கே என்று சொல்லியனுப்பினார். கொட்டகைக்குள்ளிருந்து பதில் வரவில்லை.

வடிவக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்பவே போறேன்க்கா. போய்ச் சொல்லிடறேன். வெறுங்கையோட எப்படிப் போறது, வழியில ஒரு சீப்புப் பழம்…"

பாதியில் அவரே நிறுத்திக்கொண்டார். வடிவக்கா சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வந்து குளத்தங்கரையில் உட்கார்ந்தார். ஏழில் மூன்று நாள் பாக்கி இருந்தது.

மறுநாள் காலை அஞ்சலை கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டு, எப்படி வைக்கணுமோ நீயே வை என்றார். அவள் சூரியன் மேற்கில் உதித்துவிட்டதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கல்லை நெம்பினாள். அவர் மடிந்திருந்த ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னபோது விட்டார்.

பதினோரு மணி இருக்கும். ஆசிரமத்து வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது.

கலியமூர்த்தி.

அவன் கொல்லைக்கு வந்தான். சட்டையைத் தப்பாகப் பொத்தான் போட்டிருந்தான். அண்ணனைப் பார்த்தான். பார்வை தலையிலிருந்து கால் வரைக்கும் இறங்கி, மறுபடி ஏறியது. பிறகு அஞ்சலை பக்கம் திரும்பிக்கொண்டு, அவளிடம் கேட்டான்.

"இவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"கல்லு மாதிரி இருக்காரு," என்றாள் அஞ்சலை.

"அமாவாசைக்கு வரலைன்னதும் வீட்ல பயந்துடுச்சு. ராத்திரி முழுக்கத் தூங்கலை. அண்ணிகிட்ட இடம் கேட்டு, போய்ப் பார்த்துட்டு வான்னு ஒரே…"

வீட்டில் யார் தூங்கவில்லை என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது.

வடிவக்கா இரண்டு தம்ளர் மோர் கொண்டுவந்து ஒரே கல்லின் மேல் வைத்தார். அஞ்சலைக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் உள்ளே போனார்கள்.

கலியமூர்த்தி அந்தக் கல்லில் உட்கார்ந்தான். மோரை எடுக்கவில்லை. அருவி ஓடவில்லை. குளத்தில் மலை தலைகீழாகத் தெரிந்தது.

மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். சொல்ல எத்தனையோ சேர்த்து வைத்திருந்தார். நாலு வருடம் அவர் நடந்தது, காத்திருந்தது, கேரியரின் கனம் எல்லாம் அதில் இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"அம்மாவுக்கு நீ தூக்க வேண்டிய சட்டி. உன் கையிலேர்ந்து புடுங்கிட்டேன் கலியா."

கலியமூர்த்தி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குருவி வந்து கரையில் உட்கார்ந்து, இரண்டு வாய் குடித்துவிட்டுப் போனது.

"ரொம்ப அனலா இருந்துச்சாண்ணே?"

மாசிலாமணி தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அனல் தெரியலைடா. கனமா இருந்துச்சு."

கலியமூர்த்தி ஒரு தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லில் நகர்ந்து இடம் விட்டான்.